கண்மாய்க்குள் நின்ற கோபுரம்

முன்னொரு மழைக்காலத்தில் ஓர் இரும்புக் கோபுரம், தான் எதைப் பார்க்கப் பிறந்ததோ அதைப் பார்ப்பதற்காக ஒரு கண்மாய்க்குள் காத்து நின்றது. இரும்பு காத்திருக்குமா, அதற்கு ஆசை உண்டா என்று ஆரம்பத்திலேயே குறுக்குக் கேள்வி கேட்டால் கதை நகராது. உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த சில மனிதர்களைவிட அந்தக் கோபுரத்துக்கு நெஞ்சில் ஈரம் கூடுதல்.

ஊரின் பெயர் கொக்கனேந்தல். மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து சேரும். நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்று கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வெயில் முற்றியதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பறந்து போய்விடும். அவற்றுக்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் கண்மாய்க்கரையைத் தாண்டுகிற வரைக்கும் மேளக்காரர் மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடப்பார். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்ணுக்கு மாமியார் முதலில் சொல்லிக்கொடுப்பது, கரையோரம் போனால் குரலைத் தாழ்த்து என்பதைத்தான். கொக்கனேந்தல்காரர்கள் சண்டை போட்டாலும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருக்கும் என்று பக்கத்து ஊரில் கேலி செய்வார்கள். இவர்களும் சிரித்துக்கொள்வார்கள், அதையும் மெதுவாகத்தான்.

இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாலு பேர் பார்க்க வரத்தானே செய்வார்கள்? வந்தார்கள். நாலு பேர் நாற்பது பேரானார்கள், அப்புறம் கார்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கரையின் மேலேயே நிறுத்தினார்கள். பார்க்கிறவர்களும் வரவேண்டும், பார்க்கிற இடமும் கெடாமல் இருக்கவேண்டும், ஊருக்கும் நாலு காசு வரவேண்டும் என்று யோசித்து, அதற்கு ஒரு திட்டம் போட்டுத் தரும்படி சுற்றுலாத் துறை ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது.

குழுவுக்குத் தலைவி செண்பகவல்லி. நல்ல மனுஷி. முன்பு அவள் ஆய்வு செய்த மலையருவி ஒன்று, யாரும் அவள் பேச்சைக் கேட்காததால், காலி பாட்டிலும் ஷாம்பு உறையுமாகச் சீரழிந்து போனதைப் பார்த்து நொந்தவள். இந்த ஊரையாவது ஒழுங்காகக் காப்பாற்றிவிட வேண்டும் என்று வைராக்கியத்தோடு வந்தாள். கரைக்கு ஒரு மைல் தள்ளி வண்டிகளை நிறுத்த வேண்டும், மோட்டார் படகு கூடாது, பாலிதீன் கூடாது, சாப்பாட்டுக் கடையை ஊர்ப் பெண்களே நடத்த வேண்டும் என்று அவள் எழுதியது எல்லாம் சரிதான். குறை சொல்ல முடியாது.

ஆனால் அவள் வந்தது பங்குனியில். மார்ச் முடிவதற்குள் ஆய்வை முடிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும் என்று மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். பறவைகளைப் பற்றிய ஆய்வு, பறவையே இல்லாத மாதத்தில் நடந்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடுகள் நடுவில் நின்று அசை போட்டன. எந்த இடத்தில் நின்றால் எல்லா மரமும் கண்ணுக்குத் தெரியும் என்று செண்பகவல்லி நடந்து நடந்து பார்த்தாள். நட்டநடுக் கண்மாய்தான் தோதாகப் பட்டது. காய்ந்த தரையில் நிற்கிறவளுக்கு அது கண்மாய் என்பதே பாதி மறந்துபோயிருக்கும். அங்கே ஒரு பார்வைக் கோபுரம், கரையிலிருந்து அதற்கு ஒரு மரப்பாலம் என்று படம் போட்டுவிட்டாள்.

ஊர் இதற்குத் தலையாட்டியது சும்மா இல்லை. ஊராட்சித் தலைவி மீனாள் கெட்டிக்காரி, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கோபுரம் சத்தம் போடுமா என்று கேட்டாள். போடாது என்றார்கள். அவள் நம்பவில்லை. கோபுரம் எழுந்து நின்றதும் ஊரார் ஏறி ஏறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு படிக்கும் அடியில் ரப்பர் வைத்துக் கட்டச் சொன்னார்கள். காற்றில் எந்த இணைப்பு கிரீச்சிடுகிறது என்று காதை வைத்துக் கேட்டு எண்ணெய் விட்டார்கள். கனமான ஆளாகப் பார்த்து இரண்டு பேரைத் தடதடவென்று ஓடி இறங்கச் சொன்னார்கள். ஒரு சத்தம் வரவில்லை. சரி, இனிப் பயமில்லை என்று மீனாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். காலம் காலமாகச் சத்தத்துக்கு மட்டுமே காவல் இருந்த ஊர் அது. வேறு எதற்காவது பயப்பட வேண்டுமா என்று யாருக்குமே தோன்றவில்லை.

கோபுரத்துக்குத் துணை என்று இருந்தது ஒரு பெயர்ப்பலகை. கரைமேல் நின்றது. ‘பறவைகளின் அரண்மனை உங்களை வரவேற்கிறது’ என்று எழுதி, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு நாரையை வரைந்திருந்தார்கள். அந்த நாரைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. பலகை அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

கோபுரம் மட்டும் எந்நேரமும் பறவைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. தன் திருகாணிகளை முடுக்கிய ஆட்கள் வேலைக்கு நடுவே பேசிக்கொண்டதையெல்லாம் அது மனப்பாடமாக வைத்திருந்தது. மரமே வெள்ளையாகப் பூத்த மாதிரி இருக்குமாம். இறங்குகிற நேரத்தில் வானம் தெரியாதாம். ஒரு மரத்திலேயே நாலு சாதிப் பறவை, மாடி மேல் மாடியாகக் கூடு கட்டுமாம்.

“நீ உயரமாக நிற்கிறாய், உனக்கு நன்றாகத் தெரியும்” என்றது பலகை. “எனக்கு அந்தக் கவலையே இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். வருகிறவர்களுக்குக் காட்ட என் மேலேயே ஒன்று இருக்கிறது.”

ஐப்பசியில் மழை பிடித்தது. அடைமழை. வரத்துக்கால்கள் எல்லாம் செம்மண் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டின. கண்மாய் மெல்ல மெல்ல விழித்துக்கொண்டது. வெடிப்புகள் மூடின. கருவேல மரங்களின் கால் நனைந்தது, பிறகு இடுப்பு நனைந்தது. கோபுரத்தின் காலையும் தண்ணீர் வந்து தொட்டது. கோபுரம் சிலிர்த்துப் போனது. தரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்த தான் ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் நிற்கிறோம் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆத்தா, நான் நிற்பது உனக்குத் தொந்தரவா?” என்று கண்மாயைக் கேட்டது.

“நான் தண்ணீர், அப்பா” என்றது கண்மாய். “எது நின்றாலும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். என்னைக் கேட்காதே. வரப்போகிறவர்களைக் கேள்.”

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவை வந்தன. மேற்கே முதலில் ஒரு கோடு தெரிந்தது. கோடு அகலமாகி, பட்டையாகி, பிறகு வானத்தின் ஒரு பக்கமே நகர்ந்து வந்தது. சத்தம் வந்தது. கத்தல் இல்லை, இறக்கைகள் காற்றை அழுத்துகிற சத்தம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டால் அப்படி இருக்கும். கோபுரத்தின் ஒவ்வொரு திருகாணியும் அந்தக் காற்றில் அதிர்ந்தது. நாரைகளின் வயிற்றுப்புறம் சாய்ந்த வெயிலில் ரோசாவாகத் தெரிந்தது. அவை கண்மாயை வட்டமிட்டன, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, கோபுரத்தின் தலைக்கு மேலேயே வட்டமிட்டன. கோபுரத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் பார்த்து வணக்கம் சொல்லுகின்றன என்றே நினைத்தது.

அப்புறம் அத்தனையும் திரும்பிப் போய்விட்டன. ஒன்றுகூட இறங்கவில்லை.

“களைப்பாயிருக்கும். நாளைக்கு இறங்கும்” என்று கோபுரம் தானே தனக்குச் சொல்லிக்கொண்டது. மறுநாளும் வந்தன, சுற்றின, போயின. அடுத்த நாளும் அப்படியே. கரையில் ஊரார் கூடினார்கள். யார் வெடி போட்டது, யார் வீட்டு டிராக்டர் இந்தப் பக்கம் வந்தது என்று ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். மீனாள் தெருத்தெருவாகப் போய் விசாரித்தாள். யாரும் எதுவும் செய்யவில்லை. இந்த வருஷம் ஊரே முன்னைவிட அமைதியாக இருந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது. காரணம் தெரிந்த கஷ்டம் என்றால் கையைக் காலை ஆட்டியாவது பார்க்கலாம். இது என்ன என்றே தெரியவில்லை. மீனாளுக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் ஒரே ஒரு நத்தைகுத்தி நாரை மட்டும் தனியாக வந்து, கோபுரத்துக்கு வெகு தூரத்தில் கரையோரச் சேற்றில் இறங்கியது. பெண் நாரை. வயிறு கனத்திருந்தது. நடக்கும்போது மூச்சு வாங்கியது. கோபுரத்துக்கு மனசு கேட்கவில்லை.

“இறங்காமல் ஏன் போகிறீர்கள்? உங்களுக்காகத்தானே நான் இங்கே நிற்கிறேன்” என்றது.

நாரை தலையைச் சாய்த்துப் பார்த்தது. “எங்களுக்காகவா? நாங்கள் கேட்டோமா?”

“நான் சத்தமே போடமாட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.”

“தெரியும். பருந்தும் சத்தம் போடாது.”

“நான் யாரையும் தொடவும் மாட்டேன். பார்ப்பதோடு சரி.”

“பார்ப்பதுதான் எங்களுக்குப் பயம்” என்றது நாரை. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னது. “கூட்டில் குஞ்சை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு, தலைக்கு மேலே நின்று யார் பார்த்தாலும் பருந்துதான். நீ நல்லவனாகவே இருக்கலாம். அதை என் குஞ்சுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?”

வேறு கண்மாய் கிடையாதா என்று கோபுரம் கேட்டது. இருக்கிறது, வெடிச்சத்தம் கேட்கிற கண்மாய்கள் இருக்கின்றன என்றது நாரை. இந்த ஒரு கண்மாயை நம்பித்தான் இத்தனை தூரம் வந்ததாகவும், வந்த வழியெல்லாம் இளசுகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே கூட்டிவந்ததாகவும் சொன்னது.

“இன்னும் எத்தனை நாள் சுற்றுவீர்கள்?”

“நாங்கள் சுற்றுவோம். முட்டை காத்திருக்காது. கூடு இல்லாவிட்டால் பறக்கிற வழியில் எங்காவது விழுந்து உடையும்.” அவ்வளவுதான் சொன்னது. கனத்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக எழும்பிப் போனது.

அன்று பலகை கோபுரத்தை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தூங்குகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு ஏற்பாடுகளைப் பார்க்கச் செண்பகவல்லி வந்தாள். பங்குனிக்குப் பிறகு அவள் அந்த ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் தனியாகக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி நின்றாள். சுற்றிலும் தண்ணீர், தண்ணீருக்குள் பச்சை மரங்கள். தான் மாடுகளுக்கு நடுவே நடந்த இடம் இதுதானா என்று அவளுக்கு நம்பவே முடியவில்லை.

பிறகு மேற்கே அந்தக் கோடு தெரிந்தது.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தன் வாழ்நாளில் அவள் எத்தனையோ இடங்களைப் பார்த்திருக்கிறாள், அளந்திருக்கிறாள், எழுதியிருக்கிறாள். வானமே உயிரோடு எழுந்து தன்னை நோக்கி வருவதை அவள் பார்த்ததில்லை. அவை அவளைச் சுற்றி வந்தன. ஒவ்வொன்றின் கண்ணும் தெரிந்தது, நீட்டிய காலும் விரிந்த இறக்கையின் ஒவ்வொரு விரலும் தெரிந்தன. காற்று அவள் முந்தானையைத் தூக்கியது. யாரையாவது பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. இவ்வளவு பெரியது ஒன்று ஒவ்வொரு வருஷமும் இங்கே நடக்கிறது, தான் அதைப் பார்க்காமலே அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு அத்தனையும் திரும்பிப் போயின.

மரங்கள் காலியாக நின்றன. செண்பகவல்லி காலியான மரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் காலடியில் ஒரு குரல் கேட்டது.

“அம்மா, என்னை இறக்கிவிடுங்கள்.”

காற்று என்று நினைத்தாள். குரல் திரும்பவும் அதையே சொன்னது. இரும்பு பேசி மனுஷி கேட்டாளா என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் அவள் இருந்த நிலைக்குக் கல் பேசியிருந்தாலும் கேட்டிருப்பாள்.

“உன்னை நிறுத்தத்தான் நான் அத்தனை பாடுபட்டேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்” என்றாள்.

“தெரியும் அம்மா. நானும் நல்லது என்று நினைத்துத்தான் நின்றேன்” என்றது கோபுரம். நாரை சொன்னதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னது. பிறகு சொன்னது: “நான் பார்க்க ஆசைப்பட்டது அவை இறங்குவதை. நான் நிற்கிற வரைக்கும் அவை இறங்காது. நானாக உட்கார என்னால் முடியாது. நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும்.”

செண்பகவல்லி படியிறங்கி நேராக மீனாள் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது அக்கா என்றாள்.

“அத ஏன் நீங்க மட்டும் தூக்கிச் சுமக்குறீங்க” என்றாள் மீனாள். “நாங்களுந்தான் ரப்பரக் கட்டி எண்ணெயவிட்டுக் காத வச்சுக் கேட்டோம். கண்ணால பாக்கத் தோணலயே. நாலு பேரு நம்ம ஊரப் பாக்க வருவாங்கன்னு எங்களுக்கும் ஆசதான்.”

அன்று இரவே செண்பகவல்லி மேலதிகாரிக்குப் போன் போட்டாள். கோபுரம் இல்லாமல் எதைத் திறந்துவைப்பது என்று அவர் கேட்டார். அழைப்புப் பத்திரிகை அடித்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று என்றார். ஆனாலும் அவள் விடவில்லை. இது என் பேரில் நடக்கட்டும், என்ன வந்தாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை.

மறுநாள் வெயில் ஏறி, பறவைகள் இரை தேடிப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து ஊர் கண்மாய்க்குள் இறங்கியது. இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு கோபுரத்தை நிறுத்தும்போது எவ்வளவு இரைச்சல் போட்டாலும் போடலாம். அவர்கள் அதைக் கோடை வெயிலில், காலிக் கண்மாயில் செய்தார்கள். இப்போது அதே கோபுரத்தைக் கருவேல மரங்களுக்கு நடுவே, தண்ணீருக்குள்ளே, ஓர் இரும்பு இன்னோர் இரும்பைத் தட்டாமல் பிரிக்கவேண்டும். ஒரு தடவை கணீரென்று கேட்டாலும் போயிற்று. தூரத்து வயலில் நிற்கிற பறவைகள் இந்தத் திசையையே மறந்துவிடும்.

கொக்கனேந்தல்காரர்களுக்கு இந்த வேலை தெரிந்திருந்தது என்று சொல்லமாட்டேன். யாருமே செய்தறியாத வேலை. ஆனால் சத்தமில்லாமல் இருக்க அவர்களுக்குத் தெரியும். ஸ்பேனர்களுக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள். திருகாணிகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் வாழைத்தண்டுகளைக் கட்டித் தெப்பம் விட்டார்கள். ஒவ்வொரு துண்டும் கயிற்றில் இறங்கி, கைமாறி, தெப்பத்தில் போட்ட வைக்கோல் மேல் படுத்தது. ஏலேலோ இல்லை, பிடி விடு இல்லை. மீனாள் கையை உயர்த்தினால் நிறுத்தினார்கள், தாழ்த்தினால் இறக்கினார்கள். செண்பகவல்லியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று கயிறு பிடித்தாள். தன் கையால் வரைந்த கோபுரம் துண்டு துண்டாகத் தன் தோளைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள்.

கரையிலிருந்த பலகைக்குப் பொறுக்கவில்லை. “அட பைத்தியமே, உன்னைப் பிரிக்கிறார்கள். வாயைத் திறந்து கத்து. ஒரு சத்தம் போட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்” என்றது.

உண்மைதான். கோபுரத்துக்கு வலித்தது. சம்மட்டி அடியில் பிறந்த இரும்புக்குக் கத்தத் தெரியாதா? ஒரு துண்டு இன்னொன்றில் உரசினால் போதும், கண்மாய் முழுக்கக் கேட்கும். அது கத்தவில்லை.

அடிக்கால் திருகாணி ஒன்று மட்டும் துருவேறி இறுகிவிட்டது. எண்ணெய் விட்டார்கள், துணி சுற்றித் திருகினார்கள், நாலு பேர் சேர்ந்து தொங்கினார்கள். அசையவில்லை. சம்மட்டியால் ஓர் அடி அடித்தால் விட்டுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மீனாளைப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் தளும்பியது. வெயில் மேற்கே சாய ஆரம்பித்துவிட்டது.

செண்பகவல்லி தண்ணீருக்குள் குனிந்து அந்த இரும்புக்காலில் உள்ளங்கையை வைத்தாள். “கொஞ்சம் விட்டுக்கொடுப்பா” என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும்.

கோபுரம் தன்னிடம் மிச்சமிருந்த பலத்தை எல்லாம் ஒன்று சேர்த்தது. நிற்பதற்காகச் செய்யப்பட்ட ஒன்றுக்குத் தளர்வது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மயிரிழை அளவுக்குத் தளர்ந்தது. திருகாணி திரும்பியது. நாலு பேரும் நம்பமுடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசித் துண்டும், மரப்பாலத்தின் பலகைகளும் தெப்பம் ஏறின. கோபுரம் நின்ற இடத்தில் கண்மாய் வந்து மூடிக்கொண்டது.

கரையின் வெளிச்சரிவில் புல்லுக்கு நடுவே துண்டுகளைக் கிடத்தினார்கள். உச்சிமேடையின் கைப்பிடிக் கம்பியை மட்டும் கரை மேட்டிலேயே வைத்தார்கள், இடம் போதவில்லை. பிறகு அத்தனை பேரும் கண் மட்டும் கரைக்கு மேலே தெரியும்படி சரிவில் குப்புறப் படுத்தார்கள். மீனாள் படுத்தாள். பக்கத்தில் செண்பகவல்லி மூக்கு புல்லில் பட, ஈரச் சேலையோடு படுத்துக்கொண்டாள். யாரும் மூச்சை உரக்க விடவில்லை.

மேற்கே கோடு தெரிந்தது.

வந்தன. ஒரு சுற்றுச் சுற்றின. இன்னொரு சுற்று. புல்லில் படுத்திருந்தவர்களுக்கு இருதயம் தரையில் இடித்தது. மூன்றாவது சுற்றில் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு நாரை பிரிந்தது. வயிறு கனத்த நாரை. அது கால்களைத் தொங்கவிட்டு, இறக்கையைக் குழித்து, நடுக் கருவேலமரத்தின் உச்சியில் மெல்ல இறங்கியது. கிளை வளைந்து அதைத் தாங்கிக்கொண்டது. அது கழுத்தை நீட்டி மேலே பார்த்தது. மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் வானமே இறங்கியது. ஒரு மரம் நிறைந்தது, அடுத்த மரம் நிறைந்தது. வெள்ளை, சாம்பல், கறுப்பு, ரோசா என்று நிறங்கள் இலைகளை மூடின. இறக்கைகள் தண்ணீரை அடித்துத் தெறித்த துளிகளில் வெயில் உடைந்தது. இடத்துக்குச் சண்டை, இணையைக் கூப்பிடும் குரல், அலகோடு அலகு தட்டும் சத்தம். ஊர் அத்தனை வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததெல்லாம் இந்த இரைச்சலுக்காகத்தான். மீனாள் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான், ஆனாலும் முதல் தடவை பார்க்கிறவளைப் போல அழுதாள். செண்பகவல்லி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கரை மேட்டில் கிடந்த கைப்பிடிக் கம்பிக்கும் எல்லாம் தெரிந்தது. கோபுரத்தின் உயிர் இப்போது அந்தக் கம்பியில்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் நின்றபோது அது பறவைகளின் முதுகைத்தான் எதிர்பார்த்திருந்தது. கீழே கிடந்து பார்த்தபோது அவை கால் நீட்டி இறங்குவது தெரிந்தது. இது இவ்வளவு பெரியது என்று தன்னிடம் யாரும் சொல்லவே இல்லையே என்று அதற்கு ஆச்சரியமாக இருந்தது.

விழா அன்று மேலதிகாரி காரை ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. வருகிற வழியெல்லாம் செண்பகவல்லியைத் திட்டுவதற்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். கரை மேல் தலையைத் தூக்கியவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது, சத்தம் வரவில்லை. வெகு நேரம் கழித்து, நாடா வெட்டக் கொண்டுவந்த கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரும் கரைச் சரிவில் உட்கார்ந்தார். இனி என்ன செய்யப்போகிறாய் என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

“ஒரு வருஷம் முழுக்க இங்கேயே இருந்து பார்க்கிறேன் சார்” என்றாள் செண்பகவல்லி. “அதற்கப்புறம் எழுதுகிறேன்.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் இருந்துவிட்டாள். மீனாள் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். பார்க்க வருகிறவர்களைக் கரையின் வெளிப்பக்கமாகவே, சிறு சிறு கூட்டமாக, குனிந்து நடக்கச் சொல்லிக் கூட்டிவந்தார்கள். பிரித்த மரப்பாலத்தின் பலகைகளைச் சரிவில் தாழ்வாகப் போட்டு உட்காரவைத்தார்கள். குனிய மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர்களும் உண்டு. அவர்களைப் பெயர்ப்பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பலகைக்கு அதில் பரம சந்தோஷம்.

தையில் ஒரு நாள், வெயில் இதமாக அடித்துக்கொண்டிருந்த காலையில், அந்த நத்தைகுத்தி நாரை சேற்றிலிருந்து ஒரு நத்தையைக் கவ்விக்கொண்டு கரைமேட்டுக்கு வந்தது. கூட்டில் குஞ்சுகள் அலகைத் திறந்து காத்திருந்தன, அவை கத்துவது கரை வரைக்கும் கேட்டது. நத்தையை வாகாக வைத்துத் திறக்க ஓர் இடம் தேடி, இங்குமங்கும் பார்த்து, கடைசியில் புல்லில் கிடந்த கைப்பிடிக் கம்பி மேல் ஏறி உட்கார்ந்தது. சூடான, ஈரமான, லேசான பாதங்கள். அது யாருடைய கம்பி என்று அதற்குத் தெரியாது. கம்பியும் சொல்லவில்லை. நத்தை திறக்கிற வரைக்கும் அது ஆடாமல் அசையாமல் கிடந்தது.

இரும்புக்கு அசையாமல் கிடப்பது என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அது பெரிய காரியமாகத்தான் இருந்தது.